நிற்கத் தெரியாத கால்கள்

ஓட்டத்தில் என்னை யாரும் முந்தியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன். நாவலப்பிட்டிக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டியில் ஒரு பள்ளிக்கூட விடுதிக்கு வந்து சேர்ந்த புதிதில், உடற்பயிற்சி மிஸ் எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் நான் ஓடிக்கொண்டிருந்தேன். அன்றே என்னை வலைப்பந்துப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு மூச்சுள்ள பிள்ளைக்கு ஆட்டம் தானாக வந்துவிடும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

வரவில்லை.

வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். முதலில் தரையில் பட்ட காலைத் தூக்கி மறுபடி வைத்தால் விசில். நானோ பந்தைப் பிடித்ததும் குட்டிக் குட்டி அடியாக இன்னும் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்பேன். எங்கள் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எங்கே போனாலும் இறக்கம், திரும்பி வந்தால் ஏற்றம். ஏற்றம் எனக்கு மூச்சைக் கொடுத்தது. இறக்கம் கொடுத்ததுதான் இந்த வினை. ஓடி வருகிற வேகத்தில் சட்டென்று நின்றால் குப்புற விழ வேண்டியதுதான், அதனால் அடியைச் சிறிதாக்கிச் சிறிதாக்கியே வேகத்தைக் குறைப்போம். இது சமதரை என்று என் காலுக்குப் புரியவே இல்லை.

அணியின் நடுவில் ஆடியவள் மடவளையிலிருந்து பஸ்ஸில் வரும் என் வகுப்புத் தோழி. எழும்பிப் பந்தைப் பிடித்து, காற்றிலேயே திரும்பி, ஒற்றைக் காலில் இறங்கி அசையாமல் நிற்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஆனால் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி வந்தால் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். அதே கையிலிருந்து அதே பந்து நழுவும். கடவுள் பங்கு பிரித்தபோது கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

"நீ ஓடுறதெல்லாம் சரி புள்ள, நிக்க ஏலாதா ஒனக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கால் கேக்க மாட்டேங்குதுடி. ஒரு மேட்ச்சுலயாவது எறங்கி ஆடணும்னு ஆசையா இருக்கு," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு, பள்ளிக்கூடம் விட்டு அவளுடைய பஸ் வரும்வரை எனக்குப் பந்து எறிவாள். சனிக்கிழமைகளில் நான் அவளை அம்பிட்டிய ஏற்றத்தில் ஓட வைப்பேன். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே ஏறுவாள். சில மாதங்களில் திட்டுவதற்கும் ஓடுவதற்கும் சேர்த்தே அவளுக்கு மூச்சு போதுமானதாகிவிட்டது. எனக்கு மட்டும் நிற்பது கைகூடவில்லை. மூச்சை வளர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, பழகிய காலின் பழக்கத்தை மாற்றுவது வேறு வேலை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடைசி வருடம். வலயப் போட்டியின் இறுதி ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், எங்கள் அணியில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த என்னை மிஸ் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி, போ," என்றார்.

ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். தோழி என்னைப் பார்த்துப் பந்தை எறிந்தாள். ஓடி வந்து பிடித்தேன். கால் தரையில் பட்டது. நின்றது. அப்படியே நின்றது! விசில் வரவில்லை. குனிந்து என் காலை நானே பார்த்தேன். இத்தனை நாளும் பேச்சுக் கேட்காத கால் கேட்டுவிட்டதே என்ற சந்தோஷத்தில், பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்பதே மறந்துபோனது.

விசில் அப்போதுதான் வந்தது. பந்து எதிரணிக்குப் போனது. தோற்றோம்.

மிஸ் என் பக்கம் திரும்பவில்லை. தோழி மட்டும் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நின்டுட்டாய் புள்ள! நீ நின்டுட்டாய்!" என்றாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது எனக்கு வேலை கண்டியில்தான். விடிந்ததும் வாவியைச் சுற்றி ஓடுகிறேன். அவள் கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போய்விட்டாள், வாட்ஸ்அப்பில் மகளின் படம் அனுப்புவாள். எனக்கு அந்தப் பந்து இன்னும் ஒரே ஒரு தடவை வேண்டும். பிடித்து, நின்று, உடனே அவள் கைக்கே திருப்பி எறிய வேண்டும். அந்த ஏக்கம் இன்னும் தணியவில்லை. வாவியைச் சுற்றி வந்த பிறகும் மூச்சு மிச்சமிருக்கிறது. எறிய அவள்தான் இல்லை.