தங்கச்சிமடமும் திங்கட்கிழமை மாத்திரையும்

ஏடிஎச்டி எனும் கவனச்சிதறல் குறைபாட்டுக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வில் நான் களப்பணியாளர். ஆறு வருடம் போனில் மட்டுமே விசாரித்த ஜெனிட்டாவை நேரில் பார்க்க, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தங்கச்சிமடம் கிளம்பினேன். இன்னொரு காரணமும் உண்டு, ஒளிப்பானேன்? என் ஒன்பது வயது மகள் யாழினிக்கும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வளர்ச்சி குறைந்துவிடுமோ என்ற பயத்தில் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. ஜெனிட்டாவுக்கு இப்போது இருபது வயது. பத்து வயதிலிருந்து பதினாறு வரை தினமும் மாத்திரை, நல்ல உயரம், நல்ல உடம்பு என்கிறது என் படிவம். அவளைக் கண்ணால் பார்த்துவிட்டால் தைரியமாக அட்டையைப் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ராமநாதபுரத்தில் காலை 8.40க்கு பஸ். சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். பாம்பன் பாலத்தில் காற்று அறையும், படிவங்களைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கியதும் ஆட்டோவுக்கு 60 ரூபாய்.

"எட்வின் அண்ணன் வீடா? நல்ல நாளாத்தான் வந்திருக்கீக. மீன்பிடி போட்டு கடலுக்கு திங்க, புதன், சனிதான் போகும். இன்னைக்குக் கரையில இருப்பாரு" என்றார் ஆட்டோக்காரர். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

ஜெனிட்டா என்னைவிட அரை அடி உயரம். மனசு குளிர்ந்துவிட்டது. அப்பா எட்வின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா மேரியிடம், "தினமும் காலையிலதானே மாத்திரை குடுத்தீங்க?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"தினமுமா? இவுக கடலுக்குப் போற அன்னைக்கு மட்டுந்தான் மேடம்."

பேனாவை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்டேன்.

"மாத்திரை போட்டா மதியம் புள்ளைக்குச் சோறு எறங்காது. பள்ளிக்கூடம் பக்கத்துல, சாப்பிட வீட்டுக்கு வந்துரும். அது தட்டத் தள்ளுனா இவுகளும் சாப்பிடாம எந்திரிச்சிருவாக. அதான் இவுக கரையில இருக்கற நாள்ல குடுக்கறதில்ல."

"எங்கிட்ட ஆறு வருசமா குடுத்தேன்னுதானே சொன்னீங்க?"

"இன்னைக்குக் குடுத்தாச்சான்னு கேட்டீக. குடுத்துட்டேன்னு சொன்னேன். பொய்யா?"

பொய்யில்லை. எங்கள் அலுவலகத்தில் போன் செய்யும் நாள் திங்கட்கிழமை. கூறுகெட்டவள் நான்தான், ஆறு வருடமும் 'தினமும்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன்.

அப்படியானால் இந்த உயரம்? மாத்திரை வளர்ச்சியைக் கெடுக்கவில்லையா, இல்லை, மாத்திரை போடாத நாட்கள் காப்பாற்றினவா? ஜெனிட்டாவிடமே கேட்டேன்.

"திங்கக்கிழம கணக்கு வரும், செவ்வாக்கிழம பசிக்கும். எது நல்லதுன்னு எனக்கே தெரியல மேடம். ஆனா எங்கிட்ட யாரும் கேட்டதே இல்ல" என்று சிரித்தாள். படிவத்தில் பழைய டிக்கின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, 'படகு போகும் நாட்களில் மட்டும்' என்று ஓரத்தில் எழுதினேன்.

இதுபோன்ற வேலையாகப் போகிறவர்களுக்கு: படகு கரையில் இருக்கும் நாளில் போங்கள், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள். ஒரே கிழமையில் போன் செய்யாதீர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தவோ நாள் விட்டுக் கொடுக்கவோ வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். திரும்ப 2.15க்கு பஸ் உண்டு.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், அன்று பள்ளி விடுமுறையென்று வீட்டிலிருந்த யாழினியைப் போனில் கூப்பிட்டேன். முதல்முறையாக அவளிடமே கேட்டேன், அந்த மாத்திரை சாப்பிடுகிறாயா என்று.

"சாப்பிட்டா கிளாஸ்ல திட்டு வாங்க மாட்டேனாம்மா?"

"குறையலாம் கண்ணு. பசி குறைஞ்சாலும் குறையும்."

"இத ஏம்மா இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல?"

"தப்பு என்மேலதான் கண்ணு, டாக்டர்கிட்ட நீயே கேளு, நான் கூட வரேன்" என்றேன், பஸ் பாம்பன் பாலம் ஏறியது.