அப்பா பொரி போட்ட கிணறு

ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, முதல் பிரசவத்துக்காக நான் விளாங்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தபோது, கொல்லைக் கிணறு புளி போட்டுத் துலக்கிய செம்பு மாதிரி இருந்தது. எல்லாம் அப்பாவின் வேலை. ஆள் வைத்துத் தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, போதாக்குறைக்கு பிளீச்சிங் பவுடரையும் கொட்டியிருந்தார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அழுக்கோடு அவருக்குத் தனிப்பட்ட பகை.

"புள்ளத்தாச்சி பொழங்குற தண்ணி தாயி, சும்மாவா?" என்றார். உள்ளே இருந்த கெண்டை மீன்கள் என்ன ஆயின என்று அம்மா கேட்டதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் வீட்டுக்குள் கொசு மொய்க்க ஆரம்பித்தது. மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்க வரும் அக்கா கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஐயா, கெணறு பூராம் புழு நெளியுது. அடுத்த தெருவுல காய்ச்சல் வேற. புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு இப்புடியா போட்டு வைப்பீக?"

"அம்புட்டுச் சுத்தம் பண்ணுனேனேம்மா!" என்றார் அப்பா. பாவமாக இருந்தது. என் வயிற்றைப் பார்த்தார், பிறகு கிணற்றைப் பார்த்தார். பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். விஷயம் எனக்கு உடனே புரிந்தது. பிளீச்சிங் பவுடர் புழுவையும் கொன்றது, புழுவைத் தின்னும் மீனையும் கொன்றது. கொசு மறுபடி பறந்து வந்து முட்டை போட்டுவிடும். மீன் எப்படி வரும்? அதை நாம்தான் கொண்டுவர வேண்டும். மருந்து நெடி போகட்டும் என்று சில நாள் பொறுத்தோம். பிறகு அப்பா ஸ்கூட்டரில் குடத்தைக் கட்டிக்கொண்டு சமயநல்லூர்ப் பக்கம் போய், கண்மாய்க் கெண்டைக் குஞ்சுகளோடு வந்தார்.

மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. புழுவும் நன்றாகத்தான் இருந்தது. இதென்ன கூத்து என்று எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் காலையில் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு பொரியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோயில் குளத்தில் மீனைக் கண்டால் கை தானாகப் பொரிப் பொட்டலத்தைத் தேடும். மீன்கள் நடுவில் கூடி விருந்து சாப்பிட, ஓரத்தில் புழுக்கள் நிம்மதியாக நெளிந்தன.

"அப்பா, நிப்பாட்டுங்க! வயிறு நெறஞ்சா அதுக ஏன் புழுவத் தேடப் போகுதுக?"

"வாயில்லா சீவன் தாயி. நம்மதான கொண்டாந்தோம். பட்டினி போட்டா பாவமில்லையா?"

"பாவம் பாத்தா கொசு என் புள்ளையத்தான் கடிக்கும்."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் மிச்சப் பொரியைப் பொட்டலத்தோடு மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அதற்கப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போவார். "உள்ள கெடக்குறது சம்பந்தி வீட்டு ஆளுகளா, இப்புடி மொகம் வாடிப் போறீக?" என்று அம்மா கேலி செய்வாள். நானோ ஜன்னலை விட்டு நகரவில்லை. மீன்கள் முதலில் நடுவிலேயே வட்டமடித்துக் காத்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போய்ச் சுவரைக் கொத்த ஆரம்பித்தன. வேப்பிலை விழுந்து ஊறியது. தண்ணீரில் லேசாகப் பச்சை ஏறியது. வெயிலைக் குடித்து வளரும் அந்தப் பச்சையைப் புழு தின்றது, புழுவை மீன் தின்றது, மீன் கழித்ததில் மறுபடி பச்சை வளர்ந்தது. தட்டான்கள் வந்தன. ஒரு மீன்கொத்தி வந்து கண்ணெதிரே ஒரு கெண்டையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். அதுவும் சாப்பிட வேண்டியதுதானே என்று நான்தான் தடுத்தேன். உணவுச் சங்கிலி என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நான் வரைந்து தள்ளியதெல்லாம் இதைத்தானா? யாரும் ஏவாமல், யாரும் மேற்பார்வை பார்க்காமல் இவ்வளவு வேலை நடக்கிறது.

அடுத்த முறை அந்த அக்கா டார்ச் அடித்துப் பார்த்தபோது, தேடினாலும் ஒரு புழு இல்லை. அப்பா அந்த டார்ச்சை வாங்கி, தானும் ஒரு முறை ஓரமெல்லாம் அடித்துப் பார்த்தார்.

மகள் பிறந்து நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, தினமும் விடிந்ததும் அப்பாவுக்கு ஒரே வேலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேத்தியின் கை, கால், நெற்றி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு வாரம் போல அப்படிப் பார்த்தார். எங்கேயும் கொசு கடித்த ஒரு சிவப்புப் பொட்டு இல்லை. ஒருநாள் பார்த்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

மடியில் பிள்ளையோடு நான் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் பொரி இல்லை. கிணற்றுச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, பந்தியில் வந்து விசாரிக்கிற வீட்டுக்காரர் மாதிரி மெதுவாகக் கேட்டார்:

"நல்லாச் சாப்புட்டீகளாப்பா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.