அக்கா கேட்ட பட்டன்கள்

பல் செட் செய்வது அவள் தொழில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்வாள். கம்ப்யூட்டரில் பில் போடுவதோடு சரி.

அவளோடு கூடவே இருந்த அக்கா, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். பக்கவாதம் வந்து வலது கையோடு அந்தப் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. புத்தி மட்டும் அப்படியே கத்தி மாதிரி இருந்தது. இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் காட்டுவாள். ஆனால் இரண்டு வார்த்தை எழுதுவதற்குள் மற்றவர்கள் பேச்சு எங்கோ போயிருக்கும். பேனாவைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள்.

தங்கைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தொட்டால் பேசுகிற பட்டன்கள் திரையில் இருந்தால் என்ன? இணையத்தில் துழாவி, இலவசமாகக் கிடைத்த ஒரு கம்பைலரை இறக்கினாள். நாம் எழுதும் வரிகளைக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமாக மாற்றித் தருவது அது. ஒரு விடுமுறை நாள் காலையில் அதோடு வந்த பாடத்தைப் பார்த்துத் தட்டினாள். ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டதற்குத் திரை நிறையத் திட்டு விழுந்தது.

"என்னம்மா, எங்கம்மா மாதிரியே குத்தம் சொல்லுது?" என்றார் அவள் கணவர்.

"அவங்களுக்கு இது தேவலைங்க. எந்த வரியில தப்புன்னாவது சொல்லுது."

தப்பைத் திருத்தியதும் திரையில் ஒரு ஜன்னல் திறந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் காணாமலும் போனது. மறுபடி பாடத்தைப் புரட்டினாள். ஜன்னலைக் காட்டினால் மட்டும் போதாது. 'யாராவது தொட்டார்களா, தொட்டார்களா' என்று புரோகிராம் ஓயாமல் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலை முடிந்ததென்று கிளம்பிவிடுமாம். அந்தச் சுற்றையும் எழுதினாள். ஜன்னல் நின்றது.

"உள்ள ஒண்ணுமே இல்லையே?" என்றார் கணவர்.

"நிக்குதுல்ல!" என்றாள், முகமெல்லாம் பல்லாக.

பட்டன் வைத்தாள். தொட்டால் ஊமையாக இருந்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் அதன் வேலையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. தன் குரலையே பதிவு செய்து சேர்த்தாள்: தண்ணி, மாத்திரை, பாத்ரூம், வலிக்குது. தொடுதிரை லேப்டாப்பை அக்கா மடியில் வைத்தாள்.

அக்கா எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு பேனா கேட்டு எழுதினாள்: 'தண்ணி நானே எடுத்துப்பேன். இதுல பேச்சு எங்கடி?'

தங்கைக்குச் சுருக்கென்றது. "இதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?" என்று எழுந்து போனவள், அடுப்படி வரை போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பினாள். "சரி, என்ன வேணும்? நீயே எழுதுக்கா."

அக்கா எழுதினாள். தங்கை குரலைப் பதிவு செய்யும்போது பேச்சின் இழுவை சரியாக வரும்வரை தலையை ஆட்டி ஆட்டித் திரும்பச் சொல்லவைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டு லாரி டிரைவர் வந்தார். பிரேக் பிடிக்காத வண்டியை மலைப்பாதையில் ஒற்றைக் கையால் இறக்கிய கதையை ஆரம்பித்தார். வண்டி பள்ளத்தின் விளிம்புக்கு வந்த நேரம் பார்த்து அக்கா தொட்டாள்.

"சும்மா கதை விடாதீங்க!"

டிரைவர் லேப்டாப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சத்தியமாங்க!" என்று தலையில் கைவைத்தார்.

அக்கா இன்னொரு பட்டனைத் தொட்டாள். "அப்புறம்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டீ ஆறும்வரை கதை ஓடியது, அக்கா ஓட்டினாள்.

அவர் போனதும் அக்கா அடுத்த பட்டனை எழுதி நீட்டினாள். கணவர் எட்டிப் பார்த்துப் படித்தார்: 'மாப்பிள்ளை, சேனலை மாத்தாதீங்க.'

"அம்மா தாயே, இதை மட்டும் போட்டுடாத!"

தங்கை ஏற்கெனவே தட்ட ஆரம்பித்திருந்தாள்.