ஸஹ்லேக்குக் கட்டிக் கொடுத்த கல்லூரி

ஆறாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அப்பா அவளுக்கு முன்தஹா என்று பெயர் வைத்தார். அரபியில் ‘முடிவு’ என்று பொருள். போதும்பொண்ணு என்கிற மாதிரிதான். அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கணவன் இறந்த பிறகு, லெபனான் மலையடிவாரத்து ஊரான ஸஹ்லேயில் ஆற்றங்கரையை ஒட்டிய கல்யாண மண்டபத்தை அவளே எடுத்து நடத்தினாள். ஊர்க் கிறிஸ்தவர்களுக்கும், கீழே பெக்கா சமவெளியில் உருளைக்கிழங்கு போடும் ஷியா குடும்பங்களுக்கும் அந்த மண்டபம்தான். எந்த மாமா முறுக்கிக்கொள்வார், எந்தச் சம்பந்தியை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

உள்நாட்டுச் சண்டை மூண்டு மலைப்பாதை அடைபட்ட குளிர்காலத்தில் பூலுஸ் பாதிரியார் அவளைத் தேடி வந்தார். பெய்ரூட்டில் அவருடைய சபை நடத்திய புனித யாக்கோபு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸஹ்லே பிள்ளைகள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார்கள்.

"பிள்ளைங்களால அங்க போக முடியலை. அதான் வாத்தியாருங்க சிலரை எப்படியோ சுத்து வழியில இங்க கூட்டிட்டு வந்துட்டோம். உட்கார இடந்தான் இல்லை" என்றார்.

"சனி, ஞாயிறு கல்யாணம் நடக்கும், அபூனா" என்றாள் முன்தஹா. பாதிரியார்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தாராளமா நடக்கட்டும்."

"ஜோடனையைப் பிரிக்க மாட்டேன்."

"பிரிக்க வேண்டாம்."

"அப்ப திங்கக்கிழமை வாங்க. கரும்பலகையை நீங்களே கொண்டாங்க. என்கிட்ட மத்தளமும் மைக்கும்தான் இருக்கு."

இப்படித்தான் அந்தக் கிளை பிறந்தது. சட்டப் பேராசிரியர் மணமேடையில் நின்று ஒப்பந்தச் சட்டம் நடத்துவார். தலைக்கு மேலே காகிதப் பூத்தோரணம் ஆடும். நடனத் தளத்தில் கணக்கு வகுப்பு. குண்டுச் சத்தம் நெருங்கினால் எல்லாரும் அரக் சாராயப் பீப்பாய்கள் இருந்த நிலவறைக்கு இறங்குவார்கள், பாடம் அங்கே தொடரும். மதியம் முன்தஹா பெரிய அண்டாவில் பருப்புச் சூப் வைப்பாள். மாணவர்கள் அவளைச் சித்தி என்று கூப்பிட்டார்கள்.

அவளே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சமவெளியிலிருந்து பெண்கள் படிக்க வந்தார்கள். பெண்ணைப் பெய்ரூட்டுக்கு அனுப்புவதைக் கனவிலும் நினைக்காத அப்பாக்கள், "முன்தஹா மண்டபந்தானே, நம்ம கல்யாணமே அங்கதானே நடந்துச்சு" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். அவர்களுக்காகவே செவிலியர் படிப்பு தொடங்கியது. அது மளமளவென்று வளர்ந்தது.

சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது பூலுஸ் பாதிரியார் சோர்ந்த முகத்தோடு வந்தார். "மூடப்போறாங்க. இனி எல்லாரும் பெய்ரூட்டுக்கே வரலாமாம்."

"எல்லாரும்னா யாரு? பையனுங்க போவானுங்க. பொண்ணுங்க?"

பாதிரியார் கையை விரித்தார்.

"உங்க பல்கலைக்கழகத் தலைவர் எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டாள்.

"மலையிலதான். ஏன்?"

"அப்ப முறை தெரிஞ்சவராத்தான் இருப்பாரு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சமவெளியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெண் கேட்கப் போகும்போது ஊர்ப் பெரியவர்கள் திரண்டு போவது வழக்கம். கேட்டதைக் கொடுக்கும்வரை அந்த வீட்டுக் காபியைத் தொட மாட்டார்கள். வழக்கமாக ஆண்கள்தான் முன்னால் நடப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை பெய்ரூட்டுக்குப் போனபோது ஒரு பஸ் நிறைய அப்பாக்களோடு, நல்ல கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்தஹா முன்னால் நடந்தாள்.

பல்கலைக்கழகத் தலைவரின் அறையில் நாற்காலி போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். காபி வந்தது. ஆளுக்கொரு கோப்பையை வாங்கி, குடிக்காமல் முன்னாலிருந்த மேசையில் வைத்தார்கள். தலைவர் கோப்பைகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"என் வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இல்லையேம்மா" என்றார் சிரித்துக்கொண்டே.

"உங்க கல்லூரியைத்தான் எங்க ஊருக்கு ஏற்கெனவே கட்டிக் கொடுத்துட்டீங்களே, அபூனா. குண்டு விழுந்தப்போகூட அவ எங்களோட குடித்தனம் பண்ணினா. இப்ப நல்ல காலம் வந்திருக்கு. இப்பப் போய்த் திரும்பக் கூட்டிட்டுப் போறேன்னா, நாங்க என்ன குறை வச்சோம்?"

அறையில் யாரோ செருமினார். தலைவரின் சிரிப்பு மறைந்தது. "எத்தனை நாளைக்கு மண்டபத்துலயே ஓட்டுறது? ஆய்வுக்கூடம் வேணும், நூலகம் வேணும். கட்ட இடம் எங்கே?"

திராட்சைத் தோட்டக்காரர் ஜெர்ஜி தொப்பியைக் கழற்றினார். "ஊருக்கு மேல எனக்கொரு சரிவு இருக்கு. கொடி வச்சா காய்க்க மாட்டேங்குது. பள்ளிக்கூடமாவது காய்க்கட்டும்."

உருளைக்கிழங்கு விவசாயி அபூ ஹைதர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "என் பொண்ணு ஸக்கியா இரண்டாம் வருஷம் செவிலியர் படிக்கிறா. இங்க மூடினா அவ படிப்பு அதோட சரி. பெய்ரூட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன். அது தப்புன்னு நீங்க சொல்லலாம். எனக்கும் ஒருவேளை அப்படித்தான் தோணும். ஆனா அனுப்ப மாட்டேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காபி ஆறுது, அபூனா" என்றாள் முன்தஹா.

தலைவர் பெருமூச்சு விட்டார். "குடிங்க. ஆட்சிக்குழுவை நான் பார்த்துக்கிறேன்."

ஆறிப்போன காபியை எல்லாரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டும் கைத்தட்டலும் ஊர் எல்லை வரைக்கும் கேட்டன.

ஆட்சிக்குழு லேசில் இறங்கிவரவில்லை. ஒரு வருடம் இழுத்தடித்தார்கள், செவிலியர் படிப்பை மட்டும் விட்டுவைக்கலாம் என்றார்கள். முன்தஹா மறுபடியும் பஸ் பிடிக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதுவே போதுமானதாக இருந்தது. சரிவில் கட்டடம் எழுந்தது. செவிலியர் படிப்புக்குப் பக்கத்தில் வேளாண்மையும் வணிகமும் வந்தன. கல்லூரி உணவகத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அவளைக் கேட்டார்கள். "எனக்குத் தலைக்குமேல கல்யாணம் கிடக்கு" என்று மறுத்துவிட்டாள்.

ஸக்கியா முதல் வகுப்பில் தேறினாள். மேற்படிப்பு பெய்ரூட்டில்தான் இருந்தது. ஒரு காலை அபூ ஹைதரே அவளைத் தன் லாரியில் ஏற்றி, மலையைக் கடந்து, விடுதி வாசலில் இறக்கிவிட்டு வந்தார். செய்தி கேட்டபோது முன்தஹா ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மேசைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரே கொண்டுபோய் விட்டாரா?" என்றாள். "அந்த மனுஷனுக்காகத்தானே அவ்வளவு பேரைக் கூட்டிட்டுப் போனேன்."

சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.