ஒரு வெயிலுக்கு மட்டும்

ஒரு வெயிலுக்கு மட்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் ஆண்டுகளை வெயிலைக் கொண்டே எண்ணுவார்கள். தொடர்ந்து இரண்டு கோடைகளில், உப்பு வாரும் நேரம் பார்த்து மழை பெய்து, பாத்திகளில் விளைந்ததையெல்லாம் கரைத்துவிட்டிருந்தது. கணவர் குத்தகையை விட்டுவிட்டு இன்னொருவர் அளத்தில் மேற்பார்வைக்குப் போனார். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டு, கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே கொண்ட வீட்டுக்கு நாங்கள் மாறுவதென்று முடிவாயிற்று. குடிவந்தவர்களிடமும் அவர் அதையே சொன்னார்: அடுத்த வெயிலில் மறுபடி குத்தகை பிடித்து உப்பு எடுத்ததும் நாங்கள் வந்துவிடுவோம், சுவரில் ஆணி அடிக்க வேண்டாம்.

அந்த நம்பிக்கையால்தான் ஒரு சாமானையும் விற்கவில்லை. தேக்குக் கட்டில், இரண்டு பீரோக்கள், மகளின் படிப்பு மேசை, ஃப்ரிட்ஜ், என் புத்தக அலமாரி ஆகிய அனைத்தையும் அந்த ஓர் அறைக்குள் காப்பாற்றி வைத்து, பிறகு பத்திரமாகத் திருப்பி எடுத்துப்போக வேண்டும் என்பதே எங்கள் கவலையாக இருந்தது.

அப்போது வீட்டில் நான்கு பேர். கணவர், நான், பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள், கணவரின் அக்கா. அவரை நான் அண்ணி என்று அழைப்பேன். கல்யாணமாகி ஓராண்டுக்குள் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவர். நான் மருமகளாக வந்த அன்று எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு எரியும் என்று காட்டிக் கொடுத்தவர் அவர்தான். நான் வாசிப்பதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு. "இவ கையில புஸ்தகம் ஏறிடுச்சுன்னா பால் பொங்கி வந்துதான் இவள எழுப்பணும்" என்பார். சொல்லிக்கொண்டே போய் அடுப்பை அணைப்பார்.

சாமான் ஏற்றுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் அந்தக் காலி அறைக்குப் போனோம். பாத்தி அளக்கும் கயிற்றைக் கணவர் கொண்டுவந்திருந்தார். அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு அது. நான் ஒரு தாளில் எல்லாவற்றின் நீள அகலங்களையும் எழுதி வைத்திருந்தேன். நான் வாசிக்க, அவர் கயிற்றைப் பிடிக்க, மகள் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். கட்டிலுக்கு ஒரு கட்டம், பீரோக்களுக்கு இரண்டு, மேசைக்கு ஒன்று. அலமாரிக்கு இடம் போதாமல் இரண்டு முறை அழித்துப் போட்டோம். நடப்பதற்கு வரப்பு விட்டிருக்கிறோமா என்று அவர் கேட்டபோது மகள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவரும் சிரித்தார். எதையும் இழக்காமல் தப்பித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணி டீயை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். கோட்டை மிதிக்காமல், நாங்கள் விட்டிருந்த ஒற்றையடி இடைவெளியிலேயே நடந்து அறையின் மறுகோடிவரை போய், திரும்பிப் பார்த்தார்.

"நல்லா கட்டியிருக்கீங்க. நான் எந்தப் பாத்திடா தம்பி?"

கேலியாகத்தான் கேட்டார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அவருக்கென்று ஒரு கட்டில் இருந்ததில்லை. காற்று வரும் பக்கம் பார்த்துப் பாய் போட்டுக்கொள்வார். நாங்கள் எழும்போது பாய் சுருட்டப்பட்டிருக்கும். நான் இடத்தை அடைக்கும் பொருள்களை மட்டுமே அளந்திருந்தேன்.

கணவர்தான் பதில் சொன்னார்.

"எங்கியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்க்கா. ஒரு வெயிலுதானே."

"ஆமா. ஒரு வெயிலுதான்" என்று சொல்லிவிட்டு அண்ணி டீயை ஊற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலைக்குப் பேசிவிட்டதாகத் தெரிவித்தார். தெரிந்த பூக்காரி ஒருத்தி மூலம் ஏற்பாடு. தங்க இடமும் உண்டு. கணவர் கோபப்பட்டார், பிறகு கெஞ்சினார். நான் அலமாரியை விற்றுவிடலாம் என்றேன். அண்ணி, அதற்கு அவசியமில்லை, ஒரு வெயிலுக்குத்தானே போகிறேன் என்றார். எங்கள் சொல்லையே எடுத்து எங்களிடம் நீட்டியபோது, அதைப் பொய் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நாங்களும் வீடு திரும்பப்போவதில்லை என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மகள் மட்டும் அத்தையின் டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை அழுதபடி போனாள்.

அடுத்த வெயில் நன்றாகவே அடித்தது. ஆனால் நாங்கள் விட்ட பாத்திகளில் வேறொருவர் உப்பு எடுத்தார். அதற்கடுத்த ஆண்டு வீட்டை விற்றோம். கொண்டுபோய்ச் சேர்க்க வீடே இல்லாதபோது சாமான்களைக் காப்பாற்றுவதில் பொருளில்லை. கட்டிலும் ஒரு பீரோவும் போயின. என் அலமாரியும் போயிற்று. புத்தகங்களில் பாதியை மகளின் பள்ளிக்குக் கொடுத்தேன். அறையில் திடீரென்று நான்கு பேர் தாராளமாகப் படுக்க இடம் வந்தது.

அன்றே நான் குயிலாப்பாளையத்துக்குப் போனேன். அண்ணி தோட்டத்துக்குப் பின்னாலிருந்த தம் அறைக்கு அழைத்துப் போனார். சின்ன அறைதான். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கொடியில் இரண்டு புடவைகள். என்னைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அவர் கீழே உட்காரப் போனார். நான் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். வீட்டில் இப்போது இடம் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றேன். கோடு போட்ட அன்றைக்கே உங்களுக்கும் இடம் உண்டு என்று சொல்லாமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அண்ணி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உம்மேல கோவமெல்லாம் இல்லம்மா. இத்தினி வருசத்துல நான் உள்ள தாப்பா போட்டுக்கினு படுத்ததே இல்ல. இப்ப பழகிடுச்சு."

என்னைச் சாப்பிடவைக்காமல் அனுப்பவில்லை. பஸ் ஏறும்போது மகளுக்கென்று ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்தார்.

மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். விடுமுறையில் முதலில் அத்தையிடம் போய் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் இங்கே வருகிறாள். மற்ற நாட்களில் இந்த அறையில் நானும் கணவரும் இருக்கிறோம்.