ஜுரேமா தேய்த்த கேக் அச்சு

"வாங்கறதுன்னா வாங்கு. நான் குறுக்கே நிக்கல. ஆனா அந்த நான்ஸ்டிக் அச்சுக்குள்ள கத்தி படக்கூடாது. இன்னொண்ணு, என் தங்கச்சி ஜுரேமா கண்ணுல அது படவே கூடாது."

ரொட்டிக்கடையில் என் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்த நெல்சீனியோ என்னை மேலும் கீழும் பார்த்தான். ஓட்டுச் சூளையில் என்னோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவன்.

"அதெமாரு, என் பொண்டாட்டி அச்சு கேக்கறான்னு நான் சொன்னது நேத்து. இப்ப கேட்டது பேத்தி நல்லா தூங்குறாளான்னு."

"தூங்குறா. ஒரு மாசத்துல எண்ணூறு கிராம் ஏறியிருக்கா. கை ரெண்டும் உப்பின சீஸ் ரொட்டி மாதிரி. அதை விடு, இந்த அச்சு விஷயத்தை முழுசாக் கேளு."

பேத்தி பிறந்ததிலிருந்து நான் இப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் வீட்டுக் கதை முழுக்க வந்துவிடுகிறது. இந்த இரண்டு மாதத்துக் கதையைச் சொல்லவேண்டுமென்றால் ஜுரேமாவில்தான் ஆரம்பிக்கவேண்டும்.

ஜுரேமா என்னைவிட ஆறு வயது இளையவள். முப்பத்தொரு வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்தாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறும் பீன்ஸும் ஆக்கிய அண்டாக்களைத் தானே தேய்ப்பாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். எங்கள் மினாஸ் மாநிலத்தில் ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள நடுக்கூடத்தைப் பார்க்கமாட்டார்கள். சமையலறைச் சுவரில் வரிசையாகத் தொங்கும் அலுமினியப் பாத்திரங்களின் முதுகைப் பார்ப்பார்கள். ஜுரேமா மாட்டிய பாத்திரத்தைப் பார்த்து நான் பல நாள் முகம் மழித்திருக்கிறேன்.

அவள் கல்யாணம் நின்றதும் அதனால்தான். பெண் பார்க்க வந்தவன் நல்லவன், சொந்தமாக மாடு வைத்திருந்தவன். இவள் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தாள். "அண்ணே, அவங்க வீட்டுப் பால் சட்டி முதுகு அட்டக்கரி. அந்த அம்மாவோட என்னால இருக்க முடியாது" என்றாள். அதோடு முடிந்தது. நாங்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்போம். அவளும் சிரிப்பாள், ஆனால் மனம் மாறியதாகத் தெரியவில்லை.

என் மனைவி தவறிப்போன பிறகு ஜுரேமா என் வீட்டுக்கு வந்தாள். தன் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். பிறகு எட்டு வருஷம் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகன் வாண்டர்சன் லாரி ஓட்டுகிறான், கிளம்பினால் பத்து நாள் வரமாட்டான். மருமகள் தைனாராவை நகரத்தில் தனியாக விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே எங்களிடம் கொண்டுவந்து விட்டான். பிறந்து நாற்பது நாள் வரை இங்கேதான் இருப்பாள் என்று பேச்சு.

தைனாரா துணிப் பைக்கு முன்னால் மடியிலிருந்து இறக்கியது அந்த அச்சைத்தான். வெளியே ரோஜா நிறம், உள்ளே மழை மேகம் மாதிரிக் கறுப்பு. நடுவில் குழல், பக்கமெல்லாம் துணியைப் பிழிந்தது மாதிரி முறுக்கு முறுக்காக மடிப்பு. போனில் பார்த்துப் பல மாதம் ஆசைப்பட்டு வாங்கினாளாம்.

"எண்ணெய் வேண்டாம், மாவு தூவ வேண்டாம். கவுத்தா போதும் மாமா, தானா விழும்" என்றாள். மறுநாளே சோளமாவு கேக் சுட்டுக் காட்டினாள். தட்டில் கவிழ்த்தாள். தானாகவே விழுந்தது. மடிப்பு ஒன்றுகூட உடையவில்லை.

நான் கைதட்டினேன். ஜுரேமா கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள், அச்சுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நம்ம கைவேலை எங்கே இருக்கு?" என்றாள்.

"கைவேலை இல்லாம இருக்கத்தானே அத்தை வாங்கறது" என்றாள் தைனாரா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவர் சிரித்து முடிக்கும்வரை மற்றவர் நிறுத்தவில்லை. இந்த வீட்டில் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக நடக்கவேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரமும் தைனாரா ஒரு கேக் சுட்டாள். அதற்கடுத்த வாரம், நானும் ஜுரேமாவும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தபோது மூன்றாவது. திரும்பி வந்தோம், வீடெல்லாம் கேக் வாசனை, கேக்கை மட்டும் காணோம். "பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன் மாமா" என்றாள். பிறகு அந்த அச்சு கண்ணிலேயே படவில்லை.

பேத்தி லவீனியா பிறந்தாள். தலையில் ஒரு முடிகூட இல்லை. அம்மாக்காரி அந்த மொட்டைத் தலையில் குழந்தையின் முகத்தைவிடப் பெரிய ரிப்பன் பூ கட்டிவிட்டாள். நான் அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து இந்த ஊரில் வேறு விஷயம் பேசியதில்லை.

ஐந்தாம் நாள் தைனாரா தலைக்குக் குளித்துவிட்டாள். பிரசவித்தவள் நாற்பது நாள் தலை நனைக்கக்கூடாது என்பது ஜுரேமாவின் சட்டம். "ஜன்னி வந்தா யார் பாக்கறது?" என்று இவள் கத்த, "டாக்டரே குளிக்கச் சொன்னார் அத்தை" என்று அவள் அழ, பிள்ளையும் சேர்ந்து அழ, நான் கோழிக்குத் தீனி போடப் போனேன். கோழிக்கு அன்றைக்கு மூன்றாவது தடவை தீனி. அன்று சாயங்காலம் தைனாரா போனில் அவள் அம்மாவிடம் சொன்னது சுவர் தாண்டி எங்களுக்குக் கேட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் அங்கேயே வந்துடறேன்மா."

சம்பந்தியம்மாள் பெலோ ஒரிசோண்டே நகரத்தில் இருக்கிறார். அங்கே குழந்தைக்கு அறைகூடத் தயாராக இருந்தது.

அதற்குப் பிறகு ஜுரேமா மாறிப்போனாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது நகம் தேய்ந்த கையால் அந்தச் சின்ன உடம்பைத் தண்ணீரில் பிடிப்பாள், மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவாள். எதற்கும் வாய் திறப்பதில்லை. ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "அண்ணே, நான் முந்நூறு பிள்ளைங்களுக்குச் சோறு போட்டேன். மத்தியானம் ஆனா எல்லாம் வீட்டுக்குப் போயிடும். இது ஒண்ணுதான் இங்கேயே தூங்குது."

இப்படித்தான் முதல் மாதப் பிறந்தநாள் நெருங்கியது. இப்போதெல்லாம் மாதாமாதம் கேக் வெட்டிப் படம் எடுக்கிறார்களே, அதுதான். தைனாரா காரட் கேக் வேண்டும், மேலே சாக்லேட் ஊற்ற வேண்டும் என்றாள்.

அதற்கு முதல் நாள் மத்தியானம் நான் ரொட்டிக்கடையிலிருந்து வீடு திரும்பினேன். தாயும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜுரேமா துவைக்கிற தொட்டியருகே முகமெல்லாம் வேர்த்து, மகாராணி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த அச்சு. உள்ளே பார்த்தேன். என் மூக்கு தெரிந்தது.

"எங்கே கிடந்துச்சு தெரியுமா? பாத்திர அலமாரியில எல்லாத்துக்கும் அடியில. உள்ளே ஒரு இடம் உரிஞ்சிருந்துச்சு, அதுக்குக் கீழே நல்ல அலுமினியம் மின்னுது. பாவம், கரி புடிச்சுப் போயிருக்குன்னு எடுத்தேன். மூணு கட்டுக் கம்பி நாரும் ஒரு சட்டி மணலும் போச்சு அண்ணே. மடிப்புக்குள்ள குச்சியில நாரைச் சுத்தித் தேய்ச்சேன். பொண்ணு எழுந்து பாக்கட்டும்."

நான் படுக்கையறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"ஜுரேமா, அது கரி இல்ல."

"பின்னே?"

"அதுதான் அந்த ஒட்டாத பூச்சு. அவ அதுக்குத்தான் இதை வாங்கினா."

அவள் அச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படுக்கையறை ஜன்னலைப் பார்த்தாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிடுவா அண்ணே. இந்தத் தடவை நிச்சயமாப் போயிடுவா."

"மறைச்சு வெச்சிடலாம்" என்றேன். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு இதைவிட நல்ல யோசனை வருவதில்லை.

"திருடியா நான்? சொல்லிடறேன். ஆனா நாளைக்குக் கேக் சுட்டுட்டுச் சொல்றேன். கேக் முழுசா வெளியே வந்துடுச்சுன்னா, பாதிக் குத்தமாவது குறையும்."

அன்று சாயங்காலம் ஜுரேமா கேட்டாள். "நாளைக்குக் கேக் நான் சுடட்டுமா கண்ணு? உன் அச்சுலயே சுடறேன்."

தைனாராவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அது வேண்டாம் அத்தை. உங்க பழைய அச்சே போதும். அதை எடுக்காதீங்க."

ஜுரேமா என்னைப் பார்த்தாள். அவ்வளவு ஆசையாக வாங்கிய அச்சைத் தொடக்கூட விடமாட்டேன் என்கிறாளே, தேய்த்தது தெரிந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மறுநாள் காலையில் மருமகள் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜுரேமா அந்த அச்சையேதான் எடுத்தாள். வெண்ணெயை விரலால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் தடவினாள். மாவு தூவினாள், சுற்றிச் சுற்றித் தட்டினாள், மிச்சத்தைக் கொட்டினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், விட்டுப்போன ஓர் இடத்தில் திரும்பவும் தடவினாள். பள்ளிக்கூடத்தில் இரண்டடி நீளத் தகரத் தட்டில் கேக் சுட்டபோதுகூட இப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

கேக் உப்பி வந்தது. ஆறட்டும் என்று மேஜையில் வைத்து, மேலே துணி போட்டு மூடினாள். எத்தனை நிமிஷம் ஆறவேண்டுமோ அத்தனை நிமிஷமும் அவள் உட்காரவில்லை. பிறகு துணியை எடுத்து, தட்டை மேலே வைத்து, மூச்சைப் பிடித்துக் கவிழ்த்தாள்.

ஒன்றும் விழவில்லை.

அடியில் தட்டினாள். ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தைனாரா வாசற்படியில் வந்து நின்றாள். ரோஜா நிறத்தைப் பார்த்தாள்.

"அத்தை, அது என் அச்சுதானே?"

ஜுரேமா இன்னொரு தட்டு தட்டினாள். உள்ளே 'தொப்'பென்று ஒரு சத்தம். மெதுவாக அச்சைத் தூக்கினாள். கேக் முழுசாக நின்றது. ஒவ்வொரு முறுக்கும் அப்படியே இருந்தது.

தைனாரா கேக்கைப் பார்க்கவில்லை. ஒரு கையால் அச்சை வாங்கி உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குக் கோழிக்குத் தீனி போடவேண்டும் போல இருந்தது.

"நான்தான் கண்ணு தேய்ச்சேன்" என்றாள் ஜுரேமா. "கரின்னு நினைச்சுட்டேன். முட்டாள் நான். உனக்கு எவ்வளவு ஆசையான பாத்திரம்னு தெரியும். என்னைத் திட்டிக்கோ. ஆனா புள்ளையைத் தூக்கிட்டுப் போயிடாதே."

தைனாராவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். அழவில்லை. சிரிக்கிறாள். சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"அத்தை, அது ஏற்கெனவே கெட்டுப்போச்சு. அந்த மூணாவது கேக் ஒட்டிக்கிச்சு. பக்கத்து வீட்டுக்கு எங்கே கொடுத்தேன்? கத்தியால கிளறிக் கிளறி எடுத்து, தூளைக் காபியில முக்கி நானே தின்னேன். பூச்சு உரிஞ்சு வந்துடுச்சு. அவ்வளவு பெருமை பேசிட்டு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் எல்லாத்துக்கும் அடியில ஒளிச்சு வெச்சேன்."

"ஒளிச்சு வெச்சியா? நான் என்னமோ மறந்துபோய்க் கிடக்குன்னுல்ல எடுத்தேன்!"

"நீங்க சிரிப்பீங்கன்னு பயம் அத்தை."

"நான் எதுக்குச் சிரிக்கறேன்? சொல்லியிருந்தா மூணு கட்டு நார் மிச்சம்!"

பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை யார் முதலில் நிறுத்துவது என்று யாரும் பார்க்கவில்லை. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கேக் வெட்டினோம், படம் எடுத்தோம். சம்பந்தியம்மாள் போனில் வந்து, "நாற்பது நாள் முடிஞ்சதும் கார் அனுப்பறேன்" என்றார். தைனாரா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு விரலில் ஒட்டிய சாக்லேட்டை நக்கினாள். "வேண்டாம்மா. ரெண்டாவது மாசக் கேக்கும் இங்கேதான். மடிப்புக்குள்ள மாவு தூவறது எப்படின்னு அத்தை கிட்ட இன்னும் கத்துக்கல."

ஜுரேமா திரும்பிக்கொண்டு இடுப்பில் கட்டிய சமையல் துணியால் மேஜையைத் துடைத்தாள். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அச்சை எடுத்து, சுவரில் தன் பாத்திர வரிசையின் நடுவில், உள்பக்கம் தெரியும்படி மாட்டினாள்.

இவ்வளவையும் கேட்ட நெல்சீனியோவின் காபி ஆறிப்போயிருந்தது. "அப்ப என் பொண்டாட்டி கேக்கறதை வாங்கறதா, வேண்டாமா?" என்றான்.

"வாங்கு. பாக்க அழகா இருக்கு, கொஞ்ச நாள் சொன்னபடி கேக்கும். அதுக்கப்புறம் வெண்ணெயும் மாவும்தான். ஆனா வெண்ணெய் தடவத் தெரிஞ்சவங்க வீட்டுல இருந்தா, அழகுக்காகத்தான் வாங்கறோம்னு தெரிஞ்சே வாங்கு."

இன்று காலை நான் கிளம்பும்போது சமையலறை ஜன்னலருகே பிள்ளைக்குக் குளியல் நடந்துகொண்டிருந்தது. வெயில் நேராக அந்த மொட்டைத் தலையில் விழுந்தது. "தலை எப்படிப் பளபளக்குது பாருங்க அத்தை!" என்றாள் தைனாரா.

ஜுரேமா பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, நுரை வழியும் மறு கையை உயர்த்திக் காட்டினாள்.

"என்னைப் பாக்காதே கண்ணு. இதை நான் தேய்க்கல."