கரும்பலகையில் ‘ஒத்தி’ என்று இருந்தது

என் மகள் படித்த கல்லூரிக்கு அந்த நாளில் தொலைபேசி கிடையாது. உத்திரமேரூருக்கு வெளியே, வயல்களைத் தாண்டி, இரண்டு நீளமான ஓட்டுக் கட்டடங்களும் ஒரு கீற்றுக் கொட்டகையும்தான் கல்லூரி. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வந்து உத்திரமேரூரில் இறங்கி நடந்து போவார்கள். அதனால் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு பாயின் சைக்கிள் கடை வாசலில், கல்லூரிச் செய்திகளுக்கென்று ஒரு கரும்பலகையை மாட்டியிருந்தார்கள். மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு காலையில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போவார்கள்.

நூலகத்துக்குப் புதிய பீரோ வந்துள்ளது என்று ஒரு நாள் இருக்கும். கபடியில் நம் அணி கடைசிவரை போராடித் தோற்றது என்று இன்னொரு நாள். கிணற்றில் தண்ணீர் இல்லாததால் வேதியியல் செய்முறை வகுப்பு இல்லை என்று கோடையில் அடிக்கடி வரும். கல்லூரியில் படிக்கப் பிள்ளை இல்லாதவர்களும் நின்று படித்தார்கள். உரம் வாங்க வந்தவர்களும் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தவர்களும் அந்தச் செய்தியை ஊருக்கு எடுத்துப் போனார்கள். கல்லூரி முதல்வருக்குக் காய்ச்சல் என்று எங்கள் மானாம்பதி நெல் மிஷினில் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

எனக்கு அந்தப் பலகை ஒரு தைரியம். பெண்ணைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டால் மாலையில் அவள் இறங்கும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. உத்திரமேரூர் போய்வந்தவர் யாரானாலும், போர்டில் என்ன போட்டிருந்தது என்று கேட்பேன். கல்லூரி வழக்கம்போல நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

நான் காஞ்சிபுரத்தில் பதினோராம் வகுப்பு வரை படித்தவள். என் வீட்டுக்காரர் ஐந்தாவதோடு நிலத்துக்குப் போனவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனாலும் மகளைக் கல்லூரியில் சேர்த்தவர் அவர்தான். பங்காளிகள் முணுமுணுத்தபோது, பக்கத்தில்தானே இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறாள் என்று அவர்களை அடக்கினார். அவருடைய தைரியத்தின் எல்லையும் அதுவாகத்தான் இருந்தது. பி.ஏ. முடிந்ததும் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி ஆசிரியர் பயிற்சி படிக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மறுநாள் என்னிடம் மட்டும், ஹாஸ்டல் என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள், யாரைக் கேட்பது என்றார். அவருக்கு மறுப்பு இல்லை, பயம்தான். எனக்கும் அதே பயம் என்பதால் அவருக்குச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் பிள்ளைகள் ‘தமிழ் மேடம்’ என்று கூப்பிடும் ஓர் ஆசிரியை இருந்தார். அவர்தான் வழி கண்டுபிடித்தார். கல்லூரி நாள் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரப்போவது, மகள் சேர ஆசைப்பட்ட பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் அம்மாள். ஹாஸ்டலும் அவர் பொறுப்பில்தான். "உன் அப்பாவை முன் வரிசையில் அந்த அம்மா பக்கத்தில் உட்கார வைக்கிறேன். அவரே பேசித் தெரிந்துகொள்ளட்டும்" என்று தமிழ் மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த விழாவில் மகள் நாடகத்திலும் நடித்தாள். ஏரித் தண்ணீர்த் தகராறு பற்றித் தமிழ் மேடமே எழுதிய நாடகம். ஊர்ப் பெரியவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் கிழவி வேஷம் அவளுக்கு. பையன்களோடு மேடை ஏறுவதா என்று என் வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கிழவி என்று தெரிந்ததும் இறங்கி வந்தார்.

"கெய்வி வேஷம்தான? அப்ப சரி. ஊட்ல பேசறதத்தான் அங்கயும் பேசப் போற."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவர் குரலை மாற்றிக்கொண்டு, "நான் வந்து அந்தம்மாவ பாக்கறேன். பாத்துட்டு, மனசுக்கு சரின்னு பட்டா அனுப்பறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். அவளுக்கும் அது தெரியும்.

விழா ஒரு சனிக்கிழமை மாலை. விடியற்காலையில் நல்ல மழை. மகள் குடையோடு முதல் பஸ்ஸுக்கே கிளம்பினாள். கிழவிக்குக் கட்ட என்னுடைய பழைய நூல் புடவை ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்காக ஒரு பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு, "லேட்டு பண்ணாதீங்கம்மா, நைனாவ சீக்கிரம் கெளப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முற்பகலில் அவர் மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்க உத்திரமேரூர் போனார். திரும்பி வந்தவர் சைக்கிளை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். நாடகத்தை ஒத்திப் போட்டுவிட்டார்களாம். பலகையில் எழுதியிருந்ததாம். மழையில் பந்தல் நனைந்திருக்கும், விழாவே இருக்காது என்று பாய் சொன்னாராம். அங்கே நின்றிருந்த ஒரு தென்னேரிக்காரர் பலகையைப் பார்த்து, "நெலத்ததான் ஒத்திக்கி வுடுவாங்க. நாடகத்த எவன்யா ஒத்திக்கி வாங்கனான், அவன் இன்னாத்த வெளைவிப்பான்?" என்று கேட்டாராம். கடை வாசலே சிரித்ததாம். எங்கள் பக்கத்தில் ஒத்தி என்றாலே நிலம்தான். கடனுக்கு ஈடாக நிலத்தை விட்டு, அடுத்தவன் பயிர் வைத்துக்கொள்வது. அந்த வேடிக்கையிலேயே செய்தி அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. எனக்கும் சந்தேகம் வரவில்லை. நாங்கள் நின்ற இடத்தில் பெய்த மழை கல்லூரியிலும் பெய்திருக்கும்தானே. பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மாலை பஸ்ஸில் அவள் வரவில்லை.

எங்கள் ஊர்தான் அந்த பஸ்ஸுக்குக் கடைசி. எல்லோரும் இறங்கிய பிறகும் நான் படியருகே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் தெரிந்தவர். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். பெண் வரவில்லை என்றேன்.

"பொண்ணு எப்டிமா வரும்? காலேஜாண்ட லைட்டு போட்டு மைக்செட்டு பாடிக்கினு கீது. நாடகம் நடக்குதே, நீங்க போவல?"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் அப்படியே பஸ்ஸில் ஏறினார். துண்டும் வயல் வேட்டியுமாக இருந்தார். நானும் வீட்டைப் பூட்டாமல்கூட ஏறினேன். அந்த பஸ் திரும்பிக் கிளம்பச் சற்று நேரம் ஆனது. டிரைவர் டீ குடித்தார். அவர் அந்த டீயைக் குடித்த நிதானம் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. வழியில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டியவர்களுக்கெல்லாம் பஸ் நின்றது. என் வீட்டுக்காரர் முன் கம்பியைப் பிடித்தபடி வழி முழுக்க நின்றே வந்தார். ஒரு முறை மட்டும் என் பக்கம் திரும்பி, "ஒத்தின்னுதான் இருந்திச்சி. நான் படிச்சேனே" என்றார்.

கல்லூரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். வாசலை அடைந்தபோது உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள். மைக்கில் நாட்டுப்பண் தொடங்கியது. விழா முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இன்னும் இரண்டு அடி வைத்தால் உள்ளே போயிருக்கலாம். ஆனால் அவர் அந்த இடத்திலேயே துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

மேடையில் மற்றப் பிள்ளைகளோடு அவளும் நேராக நின்றிருந்தாள். என் நூல் புடவை. தலையெல்லாம் பவுடர் போட்டு வெள்ளை. கன்னத்தில் மையால் சுருக்கம் இழுத்திருந்தார்கள். அவள் கண் எங்கள்மேல் பட்டது. பாட்டு முடியும்வரை அந்த முகத்தில் ஓர் அசைவும் இல்லை. முன் வரிசையில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. அவற்றில் ஒன்றின் கைப்பிடியில், விருந்தினருக்குப் போட்ட சந்தன மாலை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் நாடகம் முடிந்ததும் கிளம்பிவிட்டாராம். ரொம்ப நேரமாவதற்குள் ஊர் சேர வேண்டும் என்றாராம். நாடகத்துக்கு முன்பும் பின்பும், அந்தப் பெண்ணின் தகப்பனார் வந்துவிட்டாரா என்று கேட்டாராம். தமிழ் மேடம் இதையெல்லாம் எங்களிடம் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் என் வீட்டுக்காரரின் வேட்டியைப் பார்த்ததும், அவர் வர மனமில்லாமல் இருந்துவிட்டு மகளைக் கூட்டிப்போக மட்டும் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

மூவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். பலகையில் ஒத்தி என்று போட்டிருந்ததை அவர் சொன்னார்.

"ஒத்திகை, நைனா" என்றாள் அவள். "காலைல நாடக ஒத்திகைன்னு எழுதி, கீழ சாயங்காலம் அஞ்சு மணிக்கு விழான்னு எழுதினேன்."

"நீயா எழுதன?"

"இன்னிக்கி என் முறை."

சைக்கிள் கடையில் விளக்கு எரிந்தது. பலகையைக் காட்டிவிடலாம் என்று அவர் விடுவிடுவென்று முன்னால் போனார். பலகை சுத்தமாக இருந்தது. கூரைத் தண்ணீர் ஓரமாகச் சொட்டி எழுத்தெல்லாம் கரைந்து வழிந்துவிட்டது, துடைத்துவிட்டேன் என்றார் பாய். "மேல ஒரு வரிதான் நின்னுது. அதுவும் கடைசி எழுத்து போய்ட்டிச்சி. ஏன் பாப்பா, இன்னா?"

அவள் பாயை விட்டுத் திரும்பினாள். அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"என் எழுத்துன்னு கூடவா தெரியல நைனா?"

அவர் அந்த வெற்றுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எழுத்துக் கூட்டத்தாம்மா தெரியும்" என்றார். "யார் எழுத்துன்னு பாக்கத் தெரியல."

காலையில் நான் அந்தப் பக்கம் போயிருந்தால் ‘ஒ’வின் சுழியைப் பார்த்தே சொல்லியிருப்பேன். அவளுக்கு அந்த எழுத்தைப் போடச் சொல்லிக் கொடுத்தவள் நான். நான் அன்று வீட்டில் இருந்தேன்.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். மறுநாளும் முடி ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. அதன்பின் பயிற்சிக் கல்லூரிப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அறுப்பு முடியட்டும், நாமே போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். அறுப்பு முடிந்தபோது மோட்டார் காயில் எரிந்தது. அது சரியானபோது ஏரியில் தண்ணீர் இல்லை. நான் நினைவுபடுத்தும்போதெல்லாம் ‘போலாம், போலாம்’ என்பார். வேறு ஊர் போவது என்றால் அவருக்கு ஒரு தயக்கம். அந்த அம்மாள் நம் ஊருக்கு வந்த அன்று எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு அவருக்கு இருந்த தெம்பு, அந்த அம்மாளைத் தேடிப் போய்க் கதவு தட்டுவதற்கு வரவில்லை. விண்ணப்பம் போடும் காலம் போய்விட்டது. தமிழ் மேடமும் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டார்.

பிறகு திருமுக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. நல்ல குடும்பம். பையன் கூட்டுறவு சங்கத்தில் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் வந்தார். அவள் காபி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரில் வந்து நின்றார்.

"படிக்கணும்னா இப்ப சொல்லுமா. வெளிய போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்றேன். ஹாஸ்டலோ எதுவோ, நான் பாத்துக்கறேன்."

அவர் உண்மையாகத்தான் கேட்டார். அவர் குரலை எனக்குத் தெரியும். அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர்களை அனுப்பியிருப்பார்.

அவள் நிமிரவில்லை. "வேணாம் நைனா. இதுவே இருக்கட்டும்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் அவர் என்னிடம், "நான் கேட்டேன் இல்ல? நீயும் அங்கதான இருந்த" என்பார். ஆமாம், கேட்டீர்கள் என்பேன். அவர் கேட்பதற்கு முன்பே அவள் மனதில் எப்போதோ பதில் சொல்லி முடித்துவிட்டாள் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.